பால் இல்லாத மாதத்திலும் தவணை வரும்: கீரிப்பாறையின் கடன் கணக்கு

நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகும்போது நிலம் மாறிக்கொண்டே வருவது தெரியும். முதலில் நாஞ்சில் நாட்டு நெல் வயல்கள், பிறகு வாழையும் தென்னையும், அதற்கு மேல் ரப்பர். ஊரைத் தாண்டினால் காளிகேசம் ஆறும் காடும்தான். ஆற்றில் குளிக்க வருகிறவர்கள் மாலையில் திரும்பிவிடுவார்கள். இங்கேயே வாழ்கிறவர்களின் நாள், விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தடியில் தொடங்குகிறது.

1984-ல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் கீரிப்பாறையும் ஒன்று. தோட்டத் தொழிலாளர்கள், சிறு ரப்பர் விவசாயிகள், காணி பழங்குடியினர் என மூன்று வகைக் குடும்பங்கள் இந்த மலைச்சரிவை நம்பி வாழ்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ 20,000 ரூபாய் தேவைப்பட்டால், ஈடாக எதைக் காட்டுவது என்பதே இவர்களில் பலருடைய சிக்கல். கழகக் குடியிருப்பை அடமானம் வைக்க முடியாது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்கு வரும். ஆனால் விற்கவோ கைமாற்றவோ முடியாது. நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ உதவும். அதுவும் இல்லாதவர்களுக்கு எஞ்சுவது மகளிர் குழுக் கடன், வாரத் தவணைக் கடன், தண்டல், கந்துவட்டி ஆகியவைதான்.

மரத்தின் நாட்காட்டி

ரப்பர் ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பால் தருவதில்லை. ஜனவரி வாக்கில் இலை உதிரத் தொடங்கும். புதுத் தளிர் வந்து முற்றும் வரை பால்வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு தர வேண்டும். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மரம் நனைந்திருக்கும் காலையில் வெட்ட முடியாது. வெட்டுப் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மறைப்பு கட்டினால் சில நாட்களை மீட்கலாம். எல்லா நாளையும் மீட்க முடியாது.

வாரத் தவணை முறையைப் பரவலாக்கியது வங்கதேசத்தின் கிராமீன் வங்கி. 1983-ல் தனி வங்கியான அது, நிறுவனர் முகமது யூனுசுடன் சேர்ந்து 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. சிறு வியாபாரம், கறவை மாடு என அடிக்கடி காசு புழங்கும் தொழிலுக்கு வாரத் தவணை பொருந்தும். ரப்பரை நம்பிய குடும்பத்துக்கு அது ஆண்டில் சில மாதங்கள் கழுத்தை நெரிக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஒரு வீட்டுக்கு எட்டு மாதம் 12,000 ரூபாய் வீதமும், நான்கு மாதம் 4,000 ரூபாய் வீதமும் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,12,000 ரூபாய். சராசரியாக மாதம் 9,333 ரூபாய். மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது நுண்கடனுக்கான ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதி. சராசரியில் பாதி 4,666 ரூபாய். விதிப்படி சரிதான். ஆனால் மெலிந்த மாதத்தில் வருவதே 4,000 ரூபாய்தானே? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இரண்டாவது கடன் வாங்கப்படுகிறது. ஆகவே, நல்ல மாத வருமானத்தை வைத்து அல்ல, மிக மோசமான மாத வருமானத்தை வைத்தே தவணையை முடிவு செய்ய வேண்டும்.

குழு எங்கே உதவுகிறது

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி இணைப்பைக் கொண்டுவந்தது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள் கடனாகச் சுழற்றுவார்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும். 10 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. உள்கடனுக்கு வட்டியையும் தவணையையும் முடிவு செய்வது குழுதான். எனவே, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குறைவாகவும் பால் நன்றாகக் கிடைக்கும் மாதங்களில் கூடுதலாகவும் கட்டலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள முடியும்.

ஓய்வு மாதத்தில் ஒரு வருமானம்

மரம் தளிர்க்கும் காலத்தில் ரப்பர் இலைக்காம்பில் தேன் சுரக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பால் குறையும் அதே நாட்களில் தோட்டத்தில் தேன் கிடைக்கிறது. மார்த்தாண்டத்தில் 1937-லேயே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததற்கும், மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் இந்த ரப்பர் பெரிய துணை. தேன் பெட்டிக்காக வாங்கும் சிறு கடன், வருமானம் இல்லாத மாதத்தில் வருமானம் தரும் கடன். ஆனால் ஒரே தடவையில் இருபது பெட்டி வாங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கிய வைரஸ் நோயால் இந்த மாவட்டத்தில் தேனீக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தன. இரண்டு மூன்று பெட்டிகளில் தொடங்கி, பழகிய பின் பெருக்குவதே பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

• முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டியா, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டியா? 10,000 ரூபாயை 12 மாதத் தவணையில் கட்டும்போது, 12 விழுக்காடு என்பது முதல் முறையில் 1,200 ரூபாய் வட்டி. இரண்டாவது முறையில் சுமார் 660 ரூபாய்தான்.

• தண்டலில் 9,000 ரூபாயைக் கையில் வாங்கி, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டினால், ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை நெருங்கும்.

• நுண்கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. வட்டி, கட்டணம் எல்லாம் குறித்த விவரத்தாளைப் புரியும் மொழியில் தர வேண்டும்.

• காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. திட்டவோ மிரட்டவோ கூடாது. புகாரை முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து, 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தகவலுக்கு 14448.

• ரப்பர் கன்று நடுவதற்கு வாரக் கடன் வேண்டாம். வெட்டுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்கு நீண்டகால வங்கிக் கடனே ஏற்றது.

கடன் கேட்கப் போகும் முன், வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு மாத வரவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை வங்கி மேலாளரிடமும் குழுக் கூட்டத்திலும் காட்டி, தவணையை அதற்கேற்ப மாற்றித் தரும்படி கேளுங்கள்.