சோழமண்டலத்துச் சித்திரக்காரர்கள்

சென்னையிலிருந்து மகாபலிபுரம் செல்லும் யாத்திரிகர்கள், பல்லவச் சிற்பிகளின் கைவண்ணத்தைக் காணும் அவசரத்தில், வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள ஓர் அதிசயத்தைக் கவனியாமலே போய்விடுகிறார்கள். பல்லவச் சிற்பிகளுக்கு அரசர்கள் படியளந்தார்கள். அரசர்கள் இல்லாத காலத்தில் கலைஞனுக்குப் படியளப்பவர் யார்? இந்தக் கேள்விக்குக் கலைஞர்கள் தாமே விடை கண்ட ஸ்தலந்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் நாம் அங்கே சென்றோம். வாயிலைக் கடந்ததும் மரநிழல்; அந்த நிழலில் கல்லிலும் உலோகத்திலும் சமைந்த பல உருவங்கள். பிற நாட்டுச் சிற்பிகள் செய்தவையும் அவற்றுள் உண்டு. வெளியூர்க் கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்வதற்கு விருந்தினர் குடில்களும் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு மலைவாசம் தேடுவோர் பலர். தொழில் செய்யக் கடற்கரை நிழல் தேடி வருவோர் இவர்கள்!

இந்தக் கிராமம் உண்டான வரலாறு ரஸமானது. 1957-ல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்ற கே. ஸி. எஸ். பணிக்கர் தம் மாணவர்களைக் குறித்துக் கவலை கொண்டார். பள்ளியில் இருக்கும்வரை அவர்கள் சித்திரக்காரர்கள். வெளியே வந்ததும் வயிறு வேறு வழி காட்டிவிடும். தூரிகை பரண்மேல் ஏறும். இதற்கு என்ன பரிகாரம்? கைத்தொழிலால் ஜீவனம், ஓய்ந்த நேரத்தில் கலை என்று அவர் தீர்மானித்தார். துணியில் மெழுகு வார்த்துச் சாயம் தோய்க்கும் 'பாட்டிக்' வேலை கைகொடுத்தது. அப்படிக் கைத்தொழிலில் சேர்ந்த பணத்தைக் கொண்டு மணற்பாங்கான நிலத்தை வாங்கினார்கள். 1966-ல் கிராமம் பிறந்தது. ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ். ஜி. வாசுதேவ் முதலியோர் இந்த முயற்சியில் பங்குகொண்டவர்கள்.

ஐரோப்பாவைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம், அஜந்தாவைப் பார்த்து எழுதுவதும் போதாது என்பது இவர்கள் கொள்கை. பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்ற சித்திர வரிசையில் இதைக் காணலாம். ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள். மலையாள எழுத்தைப் போன்ற வரிகள். படிக்கப் புகுந்தால் ஒரு சொல்லும் அகப்படாது! ஆயினும் நம் வீட்டுப் பழைய சுவடியைப் பிரித்தாற்போன்ற ஓர் உணர்ச்சி உண்டாகிறது.

பணிக்கர் 1977-ல் காலமானார். அவருடைய புதல்வரும் சிற்பியுமான நந்தகோபால் 2017-ல் மறைந்தார். 2009-ல் திறந்த காட்சிசாலை அத்தலைமுறையின் படைப்புக்களைப் பத்திரமாய்ப் பாதுகாக்கிறது. ஆனால் படங்களைச் சுவரில் மாட்டிக் காப்பாற்றலாம். அவற்றை எழுதிய வாழ்க்கை முறையை எந்தச் சுவரில் மாட்டுவது? அன்று மணற்காடாயிருந்த இடத்தைச் சுற்றி இன்று மாளிகைகள். நிலமோ பொன் விலை. கைத்தொழில் செய்து சேர்த்த பணத்தில் இன்றைய இளைஞர்கள் இப்படி ஒரு கிராமம் காண முடியுமா என்பது சந்தேகமே.

ஆகவே, வந்து தங்கும் கலைஞர்களுக்கென்று அங்கே உள்ள குடில்களின் மதிப்பு பெரிது. சில வாரமேனும் பிழைப்பின் கவலையை மறந்து ஒருவன் தூரிகை பிடித்தால், ஸ்தாபகர்களின் எண்ணம் உயிரோடிருப்பதாகவே கொள்ளலாம். நேயர்கள் அடுத்த முறை மகாபலிபுரம் போகும்போது குழந்தைகளுடன் இங்கே ஒரு நாழிகை இறங்கவேண்டும். இயன்றால் ஒரு சிறு படத்தையாவது வாங்கி வரவேண்டும். அரசர் இல்லாத நாட்டில் படியளக்கும் கடமை நம்முடையதல்லவா?