இருவருக்கான இடம்



கர்த்தருக்குச் சித்தமானால், ஆகஸ்டு மாத முதல் வார இறுதியில் நான் டென்வரில் இருக்கமாட்டேன். அந்த ஞாயிறு ஆராதனையை நம் மூப்பர்கள் நடத்துவார்கள். நான் என் மகனோடு தெற்கு டகோடா மாநிலத்திலுள்ள ஸ்டர்ஜிஸ் என்னும் சிற்றூருக்குப் போய், ஐந்து இரவுகள் கூடாரத்தில் தங்கவிருக்கிறேன். "மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கா, பாஸ்டர்?" என்று உங்களில் சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். ஆம், அதற்குத்தான்.

அது ஏறக்குறைய 7,000 பேர் வாழும் ஊர். 1938-ல் 'பாப்பி' ஹோயல் என்பவரும் ஜாக்பைன் ஜிப்சீஸ் என்ற சங்கத்தாரும் அங்கே ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஒன்பது பேர் ஓட்டினார்கள். ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் ஹோயல் வீட்டின் பின்புறத்திலேயே கூடாரம் போட்டுக்கொள்ள, அவருடைய மனைவி பேர்ல் அவர்களுக்கு உணவு கொடுத்தார். அதை வாசித்தபோது நம் சபைக் கூடத்துச் சமையலறையும், அதில் நிற்கும் தாய்மாரும் என் நினைவுக்கு வந்தார்கள். 2015-ல், 75-ஆம் விழாவுக்கு வந்தவர்களோ 7 லட்சத்துக்கும் அதிகம். இன்று அங்கே குடி உண்டு, இரைச்சல் உண்டு, காணத்தகாதவையும் உண்டு. இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

தங்கும் இடத்தைப் பதிவு செய்தவன் நானல்ல. என் மகனும் அவனோடு பணிபுரிந்த வாலிபன் ஒருவனும் சென்ற இலையுதிர்காலத்தில் இருவருக்கென்று அதைப் பதிந்து வைத்திருந்தார்கள். மார்ச் மாதத்தில் அந்த வாலிபன் நெடுஞ்சாலை விபத்தில் மரித்தான். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. கட்டிய பணத்தை என் மகன் திரும்பக் கேட்கவில்லை. மே மாதத்தில் ஓர் இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நீங்க வர்றீங்களாப்பா?" என்றான். அவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகளாகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம் இதுவே.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நம் கொலராடோவிலும், வழியிலுள்ள வயோமிங்கிலும், தெற்கு டகோடாவிலும் 18 வயது கடந்தவர்கள் தலைக்கவசம் அணியவேண்டும் என்று சட்டம் இல்லை. நண்பனைப் புதைத்த பின்பும் என் மகன் வெறுந்தலையோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தான். துக்கம் எல்லாரையும் எச்சரிக்கையுள்ளவர்களாக்கிவிடாது. சிலரை உயிரின்மேல் அசட்டையாக்கிவிடுகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு அல்லவா? அந்த வசனம் என் நாவின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "நீ அணிந்தால் வருகிறேன்" என்று மாத்திரம் சொன்னேன். மூன்று நாட்கள் அவன் பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு தலைக்கவசங்களோடு வந்து, ஒன்றை என் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தான்.

அன்றுமுதல் எங்கள் உணவு மேசைமீது வரைபடம் விரிந்திருக்கிறது. தூரம் சுமார் 400 மைல். அவன் வண்டியில் முன்னே போவான். என் முழங்கால்களின் நிலையறிந்து, தண்ணீரும் சாமான்களுமாக நான் காரில் பின்தொடர்வேன். அவன் வண்டியின் தொட்டி சிறியது. லஸ்க் என்ற ஊரில் நிரப்பிக்கொள்ளாவிட்டால், அப்பால் நெடுந்தூரம் புல்வெளியும் வேலியும்தான். அந்தி வேளையில் மான்கள் சாலையைக் கடக்கும். ஆகையால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேரவேண்டும். கருங்குன்றுகளில் ஆகஸ்டு மாதத்தில் ஆலங்கட்டி மழை திடீரென்று வரும். ஈரத்தரையில் வண்டியின் சாய்வுக்கால் புதைந்து வண்டியே விழுந்துவிடுமாம். அதற்கு அடியில் வைக்க ஒரு பலகைத்துண்டை அறுத்து வைத்திருக்கிறான். முகாமில் நள்ளிரவு தாண்டியும் இசை ஓயாது என்பதால் என் மனைவி காதடைப்பான்கள் வாங்கியிருக்கிறாள். இத்தனையும் பேசியது நானும் அவனுமா என்று சில இரவுகளில் வியப்பாயிருக்கிறது.

அமைதியான வேறு முகாமுக்கு மாறலாமே என்று ஒருமுறை கேட்டேன். "இது அவன் தேர்ந்தெடுத்த இடம்பா" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் காலை மட்டும் பேர் பியூட் என்ற தனிமலையில் ஏறுவதென்று அவனாகவே குறித்திருக்கிறான். ஸ்டர்ஜிஸுக்கு அருகில் 4,426 அடி உயரத்தில் நிற்கும் அந்த மலை, லக்கோட்டா, ஷயென் மக்களுக்கு ஜெபத்தின் இடம். பாதையோர மரங்களில் அவர்கள் வேண்டுதலோடு கட்டிய துணிகள் இருக்கும். அவற்றைத் தொடவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. அந்தக் குன்றுகள் 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்கே உரியவையாயிருந்து, பின்பு பறிக்கப்பட்டவை. 1980-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச்சொல்லியும், நிலமே வேண்டுமென்று அவர்கள் பணத்தை வாங்கவில்லை. அங்கே நாங்கள் விருந்தினர் மாத்திரமே. மெதுவாகப் பேசி ஏறுவோம்.

நம் மூப்பர் ஒருவர் ஹெர்ப் ஷ்ரீவ் என்பவரைப்பற்றி எனக்கு எடுத்துச் சொன்னார். ஆர்கன்சாஸ் மாநிலத்துப் போதகரான அவர், விலகிப்போன மகனோடு நெருங்கவேண்டி மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்பு 1975-ல் கிறிஸ்தவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் சங்கத்தையே தொடங்கினார். நல்ல சாட்சிதான். ஆயினும் அன்பானவர்களே, நான் சங்கம் எதுவும் தொடங்கப் போகவில்லை. மகனை ஆலயத்துக்குத் திருப்பிக்கொண்டுவரும் உபாயமாகவும் போகவில்லை. அந்த ஐந்து நாட்களில் அவனிடம் சபையைப்பற்றி நான் பேசமாட்டேன். திரும்பி வந்தபின் நீங்கள் அவனைக் கடையிலோ தெருவிலோ கண்டால், தயவுசெய்து அதைப்பற்றிக் கேளாதிருங்கள். மலைகள் எப்படியிருந்தன என்று கேளுங்கள்.

கூடாரம் மரித்த வாலிபனுடையது. அவனுடைய தாயார் அதை மடித்து என் மகனிடம் கொடுத்திருக்கிறார். சென்ற சனிக்கிழமை வீட்டுப் பின்புறத்தில் அதை அடித்துப் பார்த்தோம். முளைகளில் இரண்டு குறைந்தன, வாங்கியாயிற்று. தரையில் விரிக்கும் மெத்தை ஒன்றுதான் இருக்கிறது. உங்களில் யாரிடமாவது இன்னொன்று இருந்தால், வரும் ஞாயிறன்று கொண்டுவாருங்கள்.