கோல் மார்க்கெட்டிலிருந்து ஓர் ஓட்டம்

1921இல் கட்டப்பெற்ற பன்னிரு பக்கக் கட்டடமாகிய கோல் மார்க்கெட்டைச் சுற்றி விடியலில் ஓடுவது நம் வழக்கம். இரயில்வே அலுவலக நாற்காலி வளர்த்த தொந்தியைக் கண்டு வைத்தியர் எச்சரித்ததன் பயன் அது. அத்துணிவில், 2005 முதல் நடைபெற்றுவரும் டில்லி அரை மாரத்தானில் ஒருமுறை கலந்துகொண்டோம். தூரம் 21.0975 கிலோமீட்டர்.

நேரு விளையாட்டரங்கிலிருந்து இளைஞர்களுக்கு ஈடாகப் பாய்ந்தோம். பதினெட்டாம் கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. "ஐயோ, அம்மா!" என்று நடைபாதையில் அமர்ந்துவிட்டோம்.

அச்சொல் கேட்டு ஒரு முதியவர் நின்றார். "உட்காராதே தம்பி, மெல்ல நட" என்று கைகொடுத்தார். தம் ஓட்டத்தை விட்டு, எல்லைவரை நம்முடன் நடந்தே வந்தார்.

பதக்கம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. அவர் பெயரையோ ஊரையோ கேட்டோமில்லை. இன்றும் கோல் மார்க்கெட்டில் முதியவர் எவர் ஓடக் காணினும், முகத்தை உற்று நோக்குகின்றோம்.