முதல் ரிக் வாங்கும் முன்

ஹாம் ரேடியோ உரிமத்துக்கான ஏ.எஸ்.ஓ.சி தேர்வில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்ததுமே தம்பிகள் போன் செய்வார்கள். "அண்ணா, கம்மி விலையில எந்த செட் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "மாடியில இருபது மீட்டர் ஒயர் கட்ட இடம் இருக்கா?"

இடமில்லை, ஊரில் ரிப்பீட்டர் இருக்கிறது என்றால் பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாதிரி ஐந்து வாட் ஹாண்டி போதும். ரிப்பீட்டர் எட்டாத ஊரில் அதை வாங்காதீர்கள். இரண்டு வாரம் இரைச்சலைக் கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவீர்கள். செட்டோடு ஆர்வமும் முடங்கிப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இடமிருந்தால் 40 மீட்டர் அலைவரிசைக்கு வாருங்கள். என் முதல் ரிக் பிட்எக்ஸ்40. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்தது. அவருடைய பழைய பிட்எக்ஸில் காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும். நம் கடைத்தெருவில் கிடைப்பதை வைத்தே ஒரு ட்ரான்ஸீவர் கட்டலாம் என்று காட்டியவர் அவர். ஏழு வாட்தான் வரும். பழைய யுபிஎஸ் பாட்டரியே அதற்குப் போதும். ஒருநாள் ஆன்டெனாவை மாட்ட மறந்து பேசும் பொத்தானை (பிடிடி) அழுத்திவிட்டேன், ஐஆர்எஃப்510 ட்ரான்சிஸ்டர் போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி வந்து, அன்று மாலையே நானே சால்டர் வைத்து மாற்றினேன். திறந்து பார்க்கவும் பழுது பார்க்கவும் முடிகிற செட்டுதான் புதியவருக்கு நல்ல செட். விலை குறைவு என்பதைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் ஏழு வாட்டைக் கரை சேர்ப்பது ஆன்டெனா. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டரும் கொஞ்சமும். அதை இரண்டாக வெட்டி, நடுவில் கோஆக்ஸ். முதலில் சற்றுக் கூடுதலாகவே விடுங்கள். நான் இரண்டு முனையிலும் சமமாக, விரற்கடை விரற்கடையாக நறுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்ப்பேன். முள் 1.3-க்கு வர ஒரு பகல் முழுக்கப் போயிற்று.

மறுநாள் காலை டயலைத் திருகினேன். வாத்து கத்துவது போல ஏதோ கேட்டது. விரல் நுனியால் இன்னும் மயிரிழை திருப்பியதும் அது மனிதக் குரலாயிற்று. யாரோ ஒருவர் பெங்களூரிலிருந்து வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். பகலில் 40 மீட்டர் அலை அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தாழக் கட்டிய ஒயரே அதற்கு உகந்தது. பதில் சொல்லும்போது என் கை நடுங்கியது.

கையிலிருக்கும் பணத்தில் முதலில் ஒயருக்கும் கோஆக்ஸுக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டருக்கும் எடுத்து வையுங்கள், மிச்சத்தில் ரிக் பாருங்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஊரில் இருக்கும் ஹாம் ஒருவர் வீட்டில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்து கேளுங்கள்.