ஆறு மணித்தியாலம்

'புல் மீ அண்டர்' முதல்தரம் கேட்டபோது ஃபைல் பழுது எண்டுதான் நினைத்தோம். எட்டு நிமிசம் ஓடின பாட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடுவிலே அறுந்து நிண்டது. பென்ட்ரைவில் போட்டுத்தந்த சீனியர் அண்ணாவிடம் போய்க் கேட்டோம். "அது அப்பிடித்தான்ரா முடியும்" எண்டார். அண்டிரவு முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் போட்டோம். அறையில் நாலு பேர், ஒரு ஸ்பீக்கர். ட்ரீம் தியேட்டரும் அதன் கிற்றாரிஸ்ட் ஜோன் பெட்ரூசியும் எங்களிடம் வந்தது இப்படித்தான்.

வந்த உடனேயே சண்டையும் வந்தது. "மெஷின் மாதிரி வாசிக்கிறான், உயிரே இல்லை" எண்டான் ஒருத்தன். பெட்ரூசிக்கு இது பழைய குற்றச்சாட்டு. புரோகிரசிவ் மெட்டல் எண்டாலே தாளக் கணக்கும் வேகமும்தான் எண்டு சொல்லுற ஆக்கள் நிறைய. நாங்களும் பாதி நம்பினோம்.

பெட்ரூசி 1967 இல் நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில் பிறந்தவர். அக்கா ஓர்கன் பழகுகிற சாட்டில் நேரஞ்செண்டு நித்திரைக்குப் போவதைப் பார்த்து, எட்டு வயதில் தானும் கிற்றாரைத் தூக்கினாராம். திட்டம் சரிவரவில்லை, விட்டுவிட்டார். 12 வயதில் திரும்ப எடுத்த பிறகு விடவேயில்லை. 1985 இல் பள்ளித் தோழன் ஜோன் மியுங்கோடு பொஸ்டனில் உள்ள பேர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். நாளுக்கு ஆறு மணித்தியாலம் பயிற்சி. அங்கே ட்ரம்மர் மைக் போட்னோயைச் சந்தித்து மூண்டு பேருமாய் இசைக்குழு தொடங்கி, பிறகு படிப்பை இடையில் விட்டார்கள். இதை வாசித்ததும் "அப்ப நாங்களும் விடுவம்" எண்டு அறையில் ஒரே சத்தம். அவர்கள் வகுப்பை விட்டாலும் பயிற்சியை விடவில்லை. நாங்களோ லெக்சருக்கும் ஒழுங்காய்ப் போகாமல், வாங்கின கிற்றாரையும் அலுமாரிக்கு மேலே போட்டு வைத்திருக்கிற ஆக்கள்.

எங்களை மாற்றினது 'அனதர் டே'. 1992 இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' அல்பத்தில் இருக்கிற மெதுவான பாட்டு. அப்பா புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தபோது பெட்ரூசி எழுதினது. 1997 அல்பத்தில் 'டேக் அவே மை பெயின்' வருகிறது. அதற்குள் அப்பா இறந்துவிட்டார். இந்த விசயம் தெரிந்த பிறகு 'அனதர் டே' சோலோவைக் கேட்டுப் பாருங்கள். வேகமாய் வாசிக்கத் தெரிந்த ஒருத்தர் எங்கே மெதுவாய் வாசிக்கிறார், எந்தச் சுரத்தை இழுத்துப் பிடிக்கிறார் எண்டு கவனியுங்கள். அந்த ஆறு மணித்தியாலம் எதற்கெண்டு எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்ல வேண்டியது வரும்போது விரல் தடுக்கக் கூடாது.

அதே 1997 அல்பத்தில், ரேடியோவில் ஓடக்கூடிய பாட்டு வேணும் எண்டு கம்பனி நெருக்கியது. குழு உடைகிற நிலைக்கு வந்தது. அடுத்த அல்பத்தைப் பெட்ரூசியும் போட்னோயுமே தயாரித்தார்கள். அதுதான் 1999 இல் வந்த 'சீன்ஸ் ஃப்ரொம் எ மெமரி', முழு அல்பமும் ஒரே கதை.

ஆனால் 2010 இல் போட்னோய் குழுவை விட்டுப் போனார். கொஞ்சக் காலம் ஓய்வெடுப்போம் எண்டு அவர் கேட்டார், மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. 25 வருசச் சிநேகிதம். பெட்ரூசி நிற்கவில்லை. மைக் மஞ்ஜினியோடு தொடர்ந்தார், 2022 இல் 'தி ஏலியன்' பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அதற்கு முன்னமே, 2020 இல், தன் தனி அல்பத்துக்கு ட்ரம்ஸ் வாசிக்கப் போட்னோயைக் கூப்பிட்டிருந்தார். 2023 இல் போட்னோய் குழுவுக்கே திரும்பி வந்தார். 2025 இல் 'பராசோம்னியா' வந்தது.

அதை எங்கள் அறையில் மூண்டு பேர்தான் கேட்டோம். 'மெஷின்' எண்டு சொன்னவன் இப்போ வேற போர்டிங்கில். கரண்ட் பில் பங்கு பிரிக்கிறதில் தொடங்கின கதை, யார் முதலில் கத்தினது எண்டுகூட இப்போ ஞாபகமில்லை. பெட்ரூசியும் போட்னோயும் திரும்பச் சேர்ந்து வாசிக்கப் பத்து வருசம் எடுத்தது. எங்களுக்கு ஃபைனல் இயர் முடிய எட்டு மாதம்தான் இருக்கு.

டேய், இதை வாசிச்சால் சனிக்கிழமை வா. ஸ்பீக்கர் இங்கதான் கிடக்கு.