கீழ்ச்சுவரைக் கேட்காத மேல்மாடி

எண்பதுகளில் சுவிஸின் பாசலுக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத் தீவுப்பகுதி ஆட்களுக்கு விசா, வேலை, சீட்டுக்காசு என்று ஆயிரம் கவலை. காலுக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? 1356 ஒக்ரோபர் 18இல் இந்த நகரம் இடிந்து விழுந்தது. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே, மத்திய ஐரோப்பாவில் அறியப்பட்ட நிலநடுக்கங்களில் அதுதான் பெரியது, அளவு 6.6 இருக்கலாம் என்று இன்று கணிக்கிறார்கள். ஆட்டத்துக்குத் தப்பிய மரவீடுகளைப் பின்னால் மூண்ட தீ தின்றது. ரைன் கரைச் செம்மணற்கல் பேராலயத்தின் வளைகூரை விழுந்தது; ஆலயத்தை 1363இல்தான் மறுபடி அர்ச்சித்தார்கள்.

பழங்கதைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2006 டிசம்பர் 8 மாலை, புவிவெப்ப மின்சாரத்துக்காக 5 கிலோமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீரை அழுத்திச் செலுத்தியதில் 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. எங்கட ஆட்கள் முதலில் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பல சுவர்களில் கீறல் விழுந்தது. திட்டத்தையே பிறகு கைவிட்டார்கள்.

சுவிஸில் கட்டட விதிகளுக்குள் நிலநடுக்கம் நுழைந்தது 1970இல்; இன்றைய தரத்துக்கு வந்தது 2003இல். அதற்கு முந்திய கட்டடங்களே அதிகம். நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கட்டடத்தைத் திருத்தியபோது, நிலநடுக்கத்தைத் தாங்கவென்று படிக்கட்டை ஒட்டி நிலவறையிலிருந்து கூரைவரை புதிதாக ஒரு கொங்கிறீட் சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அலுமாரி வைக்கும் இடம் போனது. எல்லோரும் முணுமுணுத்தார்கள், நானும்தான்.

2016 ஓகஸ்ட் 24இல் இத்தாலியில் அமாத்ரிச்சே நகரம் தரைமட்டமானது. அந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதிகத் தொலைவில் இல்லாத நோர்ச்சாவில் ஒருவரும் சாகவில்லை. 1979, 1997 நிலநடுக்கங்களுக்குப் பிறகு அங்கே வீடுகளைப் பலப்படுத்தியிருந்தார்கள். அமாத்ரிச்சேயில் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்த பழைய கல்சுவர்கள். சிலவற்றில் மரக்கூரையைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் கூரை ஏற்றியிருந்தார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆடியபோது அந்தப் பாரத்தைச் சுவர் தாங்கவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர், ஊர்காவற்றுறைதான் நினைவில் வந்தது. எங்கள் பழைய வீடுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஓட்டுக்கூரைக்கென்று எழுப்பிய சுவர். இப்போது பாசலிலிருந்தும் பாரிஸிலிருந்தும் போகிற காசில் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கொங்கிறீட் பிளாட் அடிக்கிறார்கள், அதற்குமேல் மாடி. ஐந்து அங்குலக் கொங்கிறீட் ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோ வரும். ரைல்ஸ் எந்த நிறம் என்று வட்ஸ்அப்பில் மணிக்கணக்காகப் பேசுவோம். அடிச்சுவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

"எங்கட தீவில எப்ப மச்சான் பூமி ஆடினது?" என்று கேட்கிறான் மச்சான். 1615இல் கொழும்பு ஆடியதையும், 2020இல் விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம் அதிர்ந்ததையும் சொன்னால் சிரிப்பான். சரி, ஆடவே வேண்டாம். தீவுக் கிணற்று உவர்த்தண்ணியில் குழைத்த கொங்கிறீட்டுக்குள் உப்பு கம்பியைத் தின்னும். கறள் பிடித்த கம்பி வீங்கி, மேற்பூச்சைப் பிளந்து தள்ளும். தளத்துக்கு அடியில் கம்பியின் நேருக்கு ஓடுகிற பழுப்பு வெடிப்பைப் பாருங்கள், அதுதான் தொடக்கம். அதற்குப் பூச்சு அடித்து மறைத்த வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

இம்முறை ஊர் வீட்டு வேலைக்குக் காசு அனுப்ப முன், அத்திவாரத்தை ஓரிடத்தில் கிண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கொங்கிறீட்டுக்கு நல்லதண்ணி பவுசரில் வரவேணும் என்றும் சொன்னேன். மேசனுக்குக் கோபம். எஞ்சினியருக்குக் குடுக்கிற காசில் முன் விறாந்தைக்கு இன்னும் இரண்டு தூண் எழுப்பலாம் என்று மச்சான் கணக்குச் சொல்கிறான். கணக்கு சரிதான். ஆனாலும் கிண்டின படம் வரட்டும் என்று இருக்கிறேன்.