திரிசங்குத் தோட்டம்

திரிசங்கு மகாராஜாவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உடம்போடு சொர்க்கத்துக்குப் போக ஆசைப்பட்டார். விசுவாமித்திரர் தம் தவ வலிமையால் அவரை மேலே அனுப்பினார். தேவேந்திரன் கீழே தள்ளினான். "நில் அங்கேயே!" என்று முனிவர் அதட்டவே, ராஜா தலைகீழாக அந்தரத்தில் நின்றுவிட்டார். அந்தக் கதியை ஒரு தக்காளிச் செடிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? காய்க்குமா, காய்ந்து போகுமா?

இதற்கு விடை தேடி நாம் போகவேண்டிய இடம் அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் புளோரிடா மாகாணம். அங்கே ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் டிஸ்னி வோர்ல்டு இருக்கிறது. அதன் ஒரு பகுதி 'எப்காட்'. 1982-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அதற்குள் 'தி லாண்ட்' என்று ஒரு பெரிய மண்டபம். லாண்ட் என்றால் நிலம். வேடிக்கை என்னவென்றால், நிலம் என்று பெயர் வைத்த அந்த மண்டபத்துச் செடிகளில் பல நிலத்தைத் தொட்டதே இல்லை!

ராட்டினத்துக்கும் ராக்கெட்டுக்கும் கூட்டம் முண்டியடிக்கட்டும். தினமும் காய்கறிக்காரருடன் பேரம் பேசும் நமக்கு இந்த மண்டபத்துப் படகுதான் சரி. ஏறி உட்காருங்கள். துடுப்பு இல்லை, படகு தானாகவே கால்வாயில் மெல்ல நகர்கிறது. பிரயாணம் மொத்தம் கால் மணிக்குச் சற்றுக் குறைவு. முதலில் இருட்டு. மழைக்காடு, பாலைவனம், புல்வெளி, ஒரு குடியானவர் வீடு என்று பொம்மைக் காட்சிகள் வருகின்றன. பிறகு ஒரு திருப்பம், பளீரென்று வெளிச்சம். கண்ணாடி வீட்டுக்குள் வந்துவிட்டோம்.

இப்போது தலையை நிமிர்த்துங்கள். தக்காளிப் பந்தல்! நம் ஊரில் அவரைக்கும் பாகலுக்கும் பந்தல் போடுவோம். தக்காளிக்கு யார் போடுகிறார்கள்? இங்கே போட்டிருக்கிறார்கள். ஒரே செடியைப் பக்கக் கிளைகள் கிள்ளி உயரமாக வளர்த்து, மேலே கம்பிப் பந்தலில் நாலா பக்கமும் படரவிட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுச் சர விளக்குகள் போலப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தலைக்கு மேல் தொங்குகின்றன. சீனாவின் பீஜிங்கில் கண்ட ஒரு ரகத்தின் விதையைக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். 2005 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் அப்படிப்பட்ட ஒரே ஒரு செடி கொடுத்த பழங்கள் 32,194. எடை 522 கிலோ. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தினம் கால் கிலோ தக்காளி ரசத்துக்கும் சாம்பாருக்கும் செலவாகும் வீடானால், அந்த ஒரு செடி ஐந்தரை வருஷத்துக்கு மேல் சோறு ஊட்டியிருக்கும்!

படகு நகர்கிறது. அதோ, மிக்கி மவுஸ் தலையைப் போலவே ஒரு பூசணிக்காய். மந்திரம் ஒன்றுமில்லை, பிஞ்சாக இருக்கும்போதே அச்சுக்குள் மாட்டிவிடுகிறார்கள். சில செடிகள் மணலில் நிற்கின்றன; சில தென்னை நார்த் தூளில் நிற்கின்றன. நாம் தேடி வந்த விசித்திரம் இனிமேல்தான் வருகிறது.

சலவைக் கடையில் சட்டைகளை வரிசையாக மாட்டியிருப்பார்களே, அதைப் போல மேலே ஓடும் ஒரு சங்கிலியில் செடிகள் தொங்கிக்கொண்டு ஊர்வலம் போகின்றன. தொட்டி இல்லை, மண் இல்லை. வேர்கள் காற்றில், கிழவியின் நரைத்த கூந்தல் போல, வெள்ளை வெளேரென்று தொங்குகின்றன. ஊர்வலம் ஒரு பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே உரச்சத்துக் கலந்த நீர் வேர்களின் மேல் புகைபோலத் தூவப்படுகிறது. குளித்துச் சாப்பிட்டு முடித்தவுடன் செடிகள் மறுபடி ஊர்வலம் கிளம்பிவிடுகின்றன. 'ஏரோபோனிக்ஸ்' என்று இதற்குப் பெயர். காற்றிலே பயிர் செய்வது.

"வேர் காய்ந்து போகாதோ?" என்று கேட்பீர்கள். வேருக்கு வேண்டியவை மூன்று: தண்ணீர், உப்புச் சத்துக்கள், காற்று. ஆம், வேரும் மூச்சு விடுகிறது. நாள் கணக்கில் வெள்ளம் தேங்கிய வயலில் தக்காளி வதங்குவது தண்ணீர் மிகுந்ததால் மட்டுமல்ல, வேருக்கு மூச்சு முட்டியதாலும்தான். இந்த மூன்றையும் முறை தவறாமல் கொடுத்தால் மண் இல்லாமலே செடி பிழைக்கும். 'முறை தவறாமல்' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் மனத்தில் முடிந்து வையுங்கள்.

எப்காட்டில் செடி தொங்கினாலும் தலை மேலேதான் இருக்கிறது. நிஜமான திரிசங்குகளைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண அமெரிக்கர் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போகவேண்டும். அங்கே உறி போல ஒரு பை அல்லது வாளி தொங்கும். அடியில் ஓட்டை. ஓட்டை வழியாகத் தக்காளிச் செடி தலைகீழாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் வேரும் மேலே. இலையும் காயும் கீழே. தண்ணீரை மேலிருந்து ஊற்றவேண்டும். 2000-த்தை ஒட்டிய பத்தாண்டில் 'டாப்ஸி டர்வி' என்ற பெயரில் இந்தப் பைகளை டெலிவிஷனில் விளம்பரம் செய்து விற்றார்கள். டாப்ஸி டர்வி என்றாலே தலைகீழ் என்றுதான் அர்த்தம். கையில் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் பழைய வாளியில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள்.

கடையில் தக்காளி கிடைக்காத தேசமா அது? மலை மலையாகக் கிடைக்கிறது. புளோரிடாவே தக்காளிக்குப் பேர்போன மாகாணம். தென்மேற்கே இம்மோகலி என்ற ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தக்காளி வயல்கள். மண் என்னவோ வெறும் மணல். உரமும் தண்ணீரும் ஊட்டித்தான் வளர்க்கிறார்கள். வடக்கே வெகு தூரத்து நகரங்களுக்கு லாரியில் போகவேண்டிய சரக்கு ஆகையால், கல்லுப்போல் பச்சையாக இருக்கும்போதே பறித்து, அறையில் அடுக்கி, எத்திலீன் வாயுவைச் செலுத்திச் சிவக்க வைக்கிறார்கள். நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையிலும் இதே வாயுதான் வேலை செய்கிறது. பழம் தானாகப் பழுக்கும்போது விடுவதும் இதே வாயுதான். ஆகவே அது விஷமல்ல. ஆனால் செடியிலேயே பழுத்ததன் ருசி வருமா? வராது. அந்த ருசியை ஒரு தடவை கண்டவர் அதற்காகத் தாழ்வாரத்தில் வாளி கட்டுவதில் ஆச்சரியம் என்ன?

அவர்கள் சொல்லும் நியாயங்கள் இன்னும் உண்டு. கையகல இடம் போதும். குச்சி நட்டுக் கட்ட வேண்டாம். களை பிடுங்கக் குனிய வேண்டாம். முட்டிவலிக்காரருக்கு இது பெரிய வரம். தரையில் ஊர்ந்து வந்து இளந்தண்டைக் கடிக்கும் புழு இங்கே ஏறி வராது.

எல்லாம் சரி. செடியைக் கேட்டோமா?

கேட்டார் ஒருவர். தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர். தம் தோட்டத்து ஓடையில் ஒரு சக்கரத்தை அமைத்து, அதன் விளிம்பில் முளைவிடும் விதைகளைக் கட்டி இரவும் பகலும் வேகமாகச் சுழல விட்டார். பாவம், விதைகளுக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. சுழற்சி எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் வேர் போயிற்று. தண்டு அதற்கு நேர் எதிராகச் சக்கரத்தின் நடுவை நோக்கி வளர்ந்தது. 1806-ல் இதை வெளியிட்டார். பூமியின் இழுப்பைச் செடி உணருகிறது என்பதற்கு இது சாட்சி ஆயிற்று. எப்படி உணருகிறது? வேர் நுனியிலும் தண்டிலும் சில செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. செடி எப்படிச் சாய்ந்தாலும் மணிகள் அடியில் போய்த் தங்கும். 'அதுதான் கீழ்' என்று செடி தெரிந்துகொள்கிறது. கொத்தனார் கையில் தூக்குக்குண்டு மாதிரி!

ஆகவே வாளியிலிருந்து தலைகீழாக எட்டிப் பார்க்கும் தக்காளி என்ன செய்யும் தெரியுமா? சில நாட்களில் நுனியைத் திருப்பி, தூண்டில் முள் போல வளைந்து, மேலே பார்க்க ஆரம்பித்துவிடும். மனிதன் கவிழ்த்தான், செடி நிமிர்ந்துவிட்டது. பிறகு இலையும் காயும் கனக்கக் கனக்கத் தண்டு மறுபடி தாழும். நம் பாட்டிமார் இந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள்தான். புடலங்காய் சுருண்டுகொள்ளாமல் இருக்க நுனியில் கல்லைக் கட்டவில்லையா?

வளைவது பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தரையில் நிற்கும் செடிக்குப் பூமி இனாமாகச் செய்யும் வேலைகளைக் கணக்குப் பாருங்கள். மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. வெயிலில் வேரைச் சுடாமல் காக்கிறது. சத்தைச் சேமிக்கிறது. நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், ஆழமாக வேரை விட்டுச் செடி எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. அந்தரத்தில் தொங்கும் வாளிக்கு இந்த ஆதரவு ஒன்றுமில்லை. ஆறு பக்கமும் காற்றும் வெயிலும் உறிஞ்சுகின்றன. ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி உரத்தையும் கரைத்துக்கொண்டு ஓட்டை வழியே சொட்டிவிடுகிறது. கோடையில் ஒரு நாள் மறந்தால் இலை தொங்கும். மறுநாளும் மறந்தால் செடியை மறந்துவிடலாம்.

எப்காட்டில் அந்த வேலைகளை இயந்திரங்களும் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளும் செய்கிறார்கள். அங்கேயும் தூவும் பெட்டி ஓயாமல் ஓடினால்தான் உண்டு. காற்றில் தொங்கும் வேருக்குச் சேமிப்பு என்பதே கிடையாது. தூவல் நின்றால் சில மணி நேரத்தில் ஆபத்து. படகில் போகும் ஜனங்கள் 'மண் இல்லாமலே விளைகிறதே!' என்று அதிசயப்படுகிறார்கள். மண் சும்மா செய்யும் காரியத்தை மனிதன் செய்ய இத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறதே என்பதுதான் அதைவிடப் பெரிய அதிசயம்.

அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கென்னடி விண்வெளி நிலையம். மேல், கீழ் என்ற பேச்சே இல்லாத விண்வெளியிலும் தக்காளி வளர்த்துப் பார்த்துவிட்டார்கள். அங்கே வெளிச்சம் வரும் திசைதான் தண்டுக்கு வழிகாட்டி. 2023 மார்ச்சில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் குட்டைத் தக்காளி பறித்தபோது, பிராங்க் ரூபியோ என்ற விண்வெளி வீரரின் பங்கு எங்கேயோ மிதந்து போய்விட்டது. "நீதான் தின்றிருப்பாய்!" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, அந்த வருஷம் டிசம்பரில், 'தக்காளி அகப்பட்டது. அவர் குற்றமற்றவர்' என்று மேலிருந்து சேதி வந்தது!

இத்தனையும் படித்த பிறகும் உங்கள் மாடியில் ஒரு திரிசங்குவைத் தொங்கவிடக் கை துறுதுறுக்கிறதா? தாராளமாகச் செய்யுங்கள். சின்னப் பழம் பழுக்கும் தக்காளி ரகமாகப் பாருங்கள். மிளகாயும் கத்தரியும்கூடப் பொறுத்துக்கொள்ளும். முள்ளங்கியையும் காரட்டையும் தொங்கவிடாதீர்கள். கிழங்குக்கு மண்ணுக்குள்தான் வாழ்க்கை. வாளியின் அடியில் இரண்டு அங்குல ஓட்டை போட்டு, நாற்றை நுழைத்து, கழுத்தில் பழைய துணியோ பஞ்சுத் துண்டோ சுற்றி அடையுங்கள். களிமண் வேண்டாம், மக்கிய எருவும் தென்னை நார்த் தூளும் கலந்து நிரப்புங்கள். நனைந்த மண் 15 லிட்டர் வாளியில் 20 கிலோவை எட்டிவிடும். ஆகையால் கொக்கி பலமாக இருக்கட்டும், அதன் கீழே குழந்தைகளின் தூளி இருக்கவேண்டாம். ஆறு மணி நேர வெயில் வேண்டும். வாளியின் மேல் வாயைச் சும்மா விடாமல் கீரை விதையைத் தூவுங்கள். மண் காயாது, கறிக்கும் ஆகும்.

தண்ணீர் தினம் ஒரு வேளை. கோடையில் இரண்டு வேளை. அதற்கு விடுமுறை கிடையாது. விசுவாமித்திரர் ராஜாவைத் தொங்கவிட்டுத் தவத்துக்குப் போய்விட்டார். நீங்கள் அப்படிப் போக முடியாது.